கத்திரி வெயிலில் மலைச் சைக்கிள்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைக் கரடுகள் பகலெல்லாம் சூடேறி, இரவெல்லாம் அனலடிக்கின்றன. பாலாறு வெறும் மணலாகக் கிடக்கிறது. ஏரிகள் வற்றிப்போக, கரையோரத்துச் சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கிறது. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் மாதக் கடைசி வரை நீடிக்கும். விடுமுறையும் அப்போதுதான் என்பதால், ஏரிக்கரைகளிலும் கரட்டடிப் பாதைகளிலும் புதிய மலைச் சைக்கிள்களை அதிகம் பார்க்கும் பருவமும் அதுவே.

பாதையில் ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் முதலில் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். கோடையில் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். முதலில் நிழல், அடுத்து ஆள், அதற்குப் பிறகுதான் வண்டி. வெயிலில் துவண்டவர் பஞ்சரைச் சரியாக ஒட்ட மாட்டார், இறக்கத்தில் பிரேக்கையும் நேரத்துக்குப் பிடிக்க மாட்டார். அதனால் உடலின் அறிகுறிகளை முன்னால் வைத்திருக்கிறேன்.

ஏற்றத்தில் தலை கனக்கிறது, குமட்டுகிறது, மிதிக்க முடியவில்லை

சமதளத்தில் ஓட்டும்போது எதிர்காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஆறேழு கிலோமீட்டராகக் குறையும்போது உழைப்பு கூடுகிறது, காற்றோ நின்றுவிடுகிறது. பாறையின் அனல் கீழிருந்து அடிக்கிறது. கோடையில் பலரும் சுருண்டு உட்காருவது ஏற்றத்தின் நடுவில்தான், அதற்குக் காரணம் இதுவே.

ஆள் தெளிவாகப் பேசுகிறாரா என்று முதலில் பாருங்கள். இன்று என்ன கிழமை, வண்டியை எங்கே நிறுத்திவிட்டு வந்தோம் என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்கிறார், ஆனால் களைப்பும் குமட்டலும் தலைசுற்றலும் இருக்கின்றன என்றால் அது வெப்பத் தளர்ச்சி. புளியமரமோ வேம்போ பார்த்து அதன் நிழலில் படுக்க வையுங்கள். பனைமர நிழல் இதற்குப் போதாது. தலைக்கவசம், கையுறை, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாலும் அன்றைய சவாரி அத்துடன் முடிந்தது. இறங்கும் வழியாக மெல்ல வீடு திரும்புங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவமனைதான்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், எரிந்து விழுகிறார், நடை தள்ளாடுகிறது, அல்லது மயங்கிவிட்டார் என்றால் அது வெப்பத் தாக்கம். உயிருக்கே ஆபத்து. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கம் என்று பலரும் நம்புகிறார்கள். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கத்தில் உடல் வியர்த்துக் கொட்டிக்கொண்டே இருக்கலாம். அதனால் வியர்வையை வைத்து முடிவு கட்டாதீர்கள், புத்தித் தெளிவை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் அதே நிமிடத்தில் குளிர்விக்கத் தொடங்கட்டும். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கக் கூடாது. நம் ஊர்க் கரட்டடிகளில் ஒரு பெரிய வசதி உண்டு. வயல் பக்கம் இறங்கினால் எங்காவது ஒரு பம்புசெட் தொட்டி இருக்கும். “அண்ணா, ஆளுக்கு மயக்கம், கொஞ்சம் மோட்டார் போடுங்கள்” என்று கேட்டால் மறுக்கும் விவசாயியை நான் பார்த்ததில்லை. தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்கார வைத்து, ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கைவிட்டுவிடக் கூடாது. தொட்டி இல்லையென்றால் இருக்கும் தண்ணீரை எல்லாம் உடல் முழுக்க ஊற்றி, சட்டையால் விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

யாருக்கு இது எளிதில் வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நேற்று வரை காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தவர், இரவு தூங்காதவர், வெயிலுக்குப் பழகாதவர். உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் பிடிக்கும். வார இறுதியில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கும் நண்பர் அங்கே எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சரி, இங்கே முதல் நாள் அவரை முன்னால் விடாதீர்கள்.

நன்றாகத் தண்ணீர் குடித்தும் தலைவலி, வாந்தி

இதைப் பலர் நீர் வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மணிக்கணக்கில் வியர்த்து, உப்பை இழந்து, வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துபோகும். வயிறு தளும்புகிறதா, விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறதா, சிறுநீர் நிறமில்லாமல் அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்புள்ளது எதையாவது சாப்பிடக் கொடுங்கள். குழப்பமோ வலிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மாறாக, வாய் உலர்ந்து, சிறுநீர் அடர் மஞ்சளாக, அளவும் குறைவாக இருந்தால் அது நீர் வறட்சிதான்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த வழி எடை பார்ப்பது. கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். அதனுடன் வழியில் குடித்ததையும் கூட்டி, ஓட்டிய மணி நேரத்தால் வகுத்தால் உங்கள் உடலின் கணக்கு கிடைத்துவிடும். மற்றவர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. திரும்பும்போது எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டாதீர்கள். வீட்டில் கலப்பதென்றால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இளநீர் அருமையான பானம். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பாமல் கூடவே உப்பிட்ட கடலை சாப்பிடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட மேல், ஆனால் வெயிலில் பாட்டிலில் புளித்துப் பொங்கிவிடும். காலைச் சவாரி முடிந்து திரும்பியதும் குடிப்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் போன்ற வறண்ட ஊரில் வியர்வை கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிடும். “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று சொல்பவரின் சட்டை முதுகைப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடுகள் இருக்கும். சென்னைப் பக்கம் நிலைமை தலைகீழ். விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதால் வியர்வை உலராமல் சொட்டுகிறது. சொட்டி வீணாகும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருந்தாலும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

இறங்கி, காலை நீட்டி, கால் விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். முன்தொடை என்றால் நின்றபடி குதிகாலைப் பிட்டத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். உப்புக் குறைவு ஒன்றே காரணமல்ல. பழக்கத்துக்கு மீறி உழைத்துக் களைத்த தசைதான் பெரும்பாலும் இழுக்கிறது. சீட் தாழ்ந்திருந்தால் முன்தொடைக்குச் சுமை கூடும், அதையும் சரிபாருங்கள். பிடிப்பு விட்டபின் ஒரு கியர் இலகுவாக்கி ஓட்டுங்கள்.

டயரில் காற்று இறங்குகிறது

கோடைப் பாதையில் ஒவ்வொருவரும் சந்திக்கும் தொல்லை இது. ஆற அமரப் பார்க்க வேண்டிய வேலையும் இதுதான்.

நம் பாதைகளின் இரண்டு எதிரிகள் சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும். சீமைக் கருவேலத்தை வெட்டிப் போட்ட இடத்தில் மரம் போய்விட்டாலும் முள் கிடக்கும். காய்ந்த முள் பச்சை முள்ளைவிடக் கடினம். நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். வேலி கட்டியிருக்கும் வயலோரங்களில், பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள்.

டியூபைக் கழற்றும் முன் வால்வு இருக்கும் இடத்தில் டயரின் பக்கவாட்டில் சாக்கட்டியாலோ மண்ணாலோ ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும், அந்தக் கோட்டை வைத்து டயரில் முள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதைச் செய்யாததால்தான் “இப்போதுதான் ஒட்டினேன், மறுபடியும் இறங்கிவிட்டது” என்ற புலம்பல் வருகிறது. முள்ளின் வெளிப்பகுதி ஒடிந்து டயரின் மேல்பரப்போடு சமமாகிவிடும். வெளியிலிருந்து ஒரு கரும்புள்ளிகூடத் தெரியாது. உள்பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவித் தேடாதீர்கள், குத்தும். கைக்குட்டையைச் சுருட்டி டயரின் உள்ளே ஒரு சுற்று மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். உள்ளிருந்து வெளியே தள்ள முடியாவிட்டால் ஊக்கால் நெம்பி, சின்னச் சாமணத்தால் பிடுங்குங்கள்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். வெளிப்பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால், காற்று குறைந்து, பாறையில் மோதி, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. முள் தேட வேண்டாம், காற்றழுத்தத்தை இரண்டு மூன்று பவுண்டு (psi) கூட்டுங்கள். உள்பக்கம், ரிம்மை ஒட்டி ஓட்டை என்றால், ரிம்மின் ஆரக்கம்பித் துளைகளை மூடும் நாடாவான ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. வெயிலில் பசை இளகினால் இது நடக்கும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை, டியூபை மாற்றுங்கள்.

ஒட்டு நிற்காமல் பெயர்கிறது என்றால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். உப்புத்தாளால் தேய்த்து டியூபின் பளபளப்பை நீக்க வேண்டும். வார்ப்புக் கோடு குறுக்கே போனால் அதையும் தேய்த்துச் சமமாக்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே பேட்சை வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் நிற்காது. இதை நிழலில் செய்யுங்கள். கொதிக்கும் பாறையின் மேல் வைத்தால் சொல்யூஷன் பரவும் முன்பே காய்ந்து திரிதிரியாகிவிடும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் குழாய் கோடையில் சீக்கிரம் உள்ளேயே உறைந்துபோகும், கிளம்பும் முன் அமுக்கிப் பாருங்கள்.

டியூபே இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டவர்களுக்கு இவ்வளவு பாடில்லை, ஆனால் வேறொரு பாடு உண்டு. துளையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றி வைக்கும் சீலன்ட் என்பது பெரும்பாலும் நீரில் கலந்த ரப்பர் பால்தான். குளிர்நாடுகளில் பல மாதம் தாங்குவது நம் கோடையில் அதற்கு வெகுமுன்பே காய்ந்து டயரின் உள்ளே தோலாக ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சலசலப்புக் கேட்கவில்லை என்றால் சீலன்ட் இல்லை என்று பொருள். முள் குத்தி நின்றிருக்கிறது, காற்றுக் கசியவில்லை என்றால் வீடு வரும் வரை பிடுங்காதீர்கள். கசிந்தால் பிடுங்கிவிட்டு, துளை தரையைப் பார்க்குமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே வந்து அடைத்துக்கொள்ளும்.

காற்றின் அளவு தானாகவே கூடுவதும் கோடையின் தொல்லை. விடியலில் 25 டிகிரியில் 25 பவுண்டு அடித்த டயர், வெயிலில் நின்ற காருக்குள் 50 டிகிரிக்குச் சூடானால் 28 பவுண்டைத் தொடும். மலைச் சைக்கிளில் மூன்று பவுண்டு வித்தியாசம் கைக்கு நன்றாகவே தெரியும். பாதை தொடங்கும் இடத்தில் ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள்.

வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது

முதலில் காற்றைப் பாருங்கள், மேலே சொன்னபடி கூடியிருக்கலாம். காற்றுச் சரியாக இருந்தால் கோளாறு பாதையில். காய்ந்து இறுகிய செம்மண்ணின் மேல் சரளையும் புழுதியும் பரவிக் கிடக்கும்போது டயர் மண்ணைக் கவ்வுவதே இல்லை, கற்களின் மேல் உருள்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் எடையை வைத்து, உடலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சைக்கிளை மட்டும் சாயுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் இன்னும் இலகுவாகி வழுக்கும்.

பாலாற்று மணலில் இது எதுவும் பொருந்தாது. மணல் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எடையைச் சற்றுப் பின்னால் வைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் ஒரே சீராக மிதியுங்கள். நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போங்கள். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் கோடை வெடிப்புகள் சக்கரத்தையே விழுங்கும். வெடிப்பைக் குறுக்காகக் கடக்க வேண்டும், அதன் போக்கிலேயே ஓட்டக் கூடாது.

இறக்கத்தில் பிரேக் லீவர் உள்ளே போய்விடுகிறது

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே இறங்கினால் இது நடக்கும். உடனே ஓரங்கட்டுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். தண்ணீரும் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையக்கூடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு லீவரை அழுத்திப் பாருங்கள். பழைய இறுக்கம் திரும்பிவிட்டால் சூடுதான் காரணம். மீதி இறக்கத்தை அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து இறங்குங்கள். விடும் இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். திரும்பவில்லை என்றால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கும், அல்லது டிஸ்க்கைக் கவ்வும் பேட் தேய்ந்திருக்கும். ஓட்டாமல் உருட்டிக்கொண்டே இறங்குங்கள்.

டிஸ்க் பிரேக்கின் குழாயில் இருக்கும் திரவத்தில் இரண்டு வகை உண்டு. டாட் வகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். ஆண்டுக்கொரு முறை கோடைக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. மற்றது மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப் பிரேக்கே போய்விடும். எது உங்களுடையது என்று லீவரின் மூடியில் எழுதியிருக்கும்.

பிரேக் கீச்சிடுகிறது, ஆனால் பிடிக்கிறது என்றால் புழுதி. கீச்சிட்டுப் பிடிக்கவும் இல்லை என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. கோடையில் அதற்கு ஒரு காரணம் சன்ஸ்கிரீன் ஸ்ப்ரே. சைக்கிளின் அருகில் நின்று அடிக்காதீர்கள். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் பேட்டை மாற்றத்தான் வேண்டும்.

செயின் கறகறக்கிறது, கியர் தாவுகிறது

புழுதிக் காலத்தில் பிசுபிசுப்பான எண்ணெய் போட்டால் மண் ஒட்டி அரைக்கும் மாவாகிவிடும். துணியால் நன்றாகத் துடைத்து, மெழுகு வகை மசகு போடுங்கள். தேங்காய் எண்ணெயும் என்ஜின் ஆயிலும் வேண்டாம். துடைத்த பிறகும் கியர் தாவினால் 12 அங்குல அளவுகோலைச் செயினின் ஒரு பின்னின் மையத்தில் வையுங்கள். மறுமுனையில் பின்னின் மையம் 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 போயிருந்தால் பின்பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்.

வனத்துறை சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புகிறார்கள்

இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வேறு வழியாகப் புகுந்துவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்லில் பரவும் தீ மலைச்சரிவில் மேல்நோக்கிப் போகும்போது ஓடும் மனிதனைவிட வேகமானது. கோவைப் பக்கத்து மலையடிவாரங்களில் தண்ணீர் தேடி யானைகள் இறங்கும் காலமும் இதுதான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையவே கூடாது.

மாற்றுவழிக்குப் பஞ்சமில்லை. வற்றிய ஏரியின் கரையைச் சுற்றி வரும் வண்டிப்பாதை, பனந்தோப்பு வழி, கரட்டடியில் ஆடு மேய்ப்பவர்களின் ஒற்றையடிப் பாதை எல்லாம் உண்டு. தோப்பும் வயலும் யாருடையவை என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். மாலையில் போகலாம் என்றால் பாறைப் பக்கம் வேண்டாம், அனல் இருட்டிய பிறகும் அடங்காது. ஏரிக்கரையே மேல்.